எண்ணெய்க்குள் ஒளிந்திருக்கும் சாட்சி!

(மூன்றாம் ஆண்டு, கெமிக்கல் இன்ஜினியரிங்)



ஒரே மாதிரிப் பொருளுக்கு இரண்டு விலை இருந்தால் அங்கே கலப்படம் தானாக வந்துவிடும். எரிபொருளில் நடப்பது இதுதான். இந்தியாவில் ரேஷன் மண்ணெண்ணெய் மானிய விலையில் வந்தது. டீசல் விலை அதைவிட மிக அதிகம். அயர்லாந்திலோ விவசாய டிராக்டருக்கு ஊற்றும் டீசலுக்கு வரி குறைவு. ரோட்டில் ஓடும் காருக்கு ஊற்றும் டீசலுக்கு வரி அதிகம். மலிவானதை வாங்கி விலை கூடியதோடு கலந்து விற்றால் கொள்ளை லாபம்! இதைக் கண்டுபிடிப்பது எப்படி? கேஸ் குரோமட்டோகிராபி என்னும் கருவி இதற்குச் சொல்லும் பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

டென்சிட்டி பார்த்தால் போதாதா?

போதாது. மண்ணெண்ணெய் சுமார் 150 முதல் 280 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும். டீசல் சுமார் 180 முதல் 360 வரை. பெரும் பகுதி ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. இரண்டுமே ஹைட்ரோகார்பன்கள். டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் டென்சிட்டி லேசாகத்தான் குறையும். அயர்லாந்து விஷயம் இன்னும் சிக்கல். அங்கே இரண்டுமே டீசல்! எந்த ஹைட்ரோமீட்டரும் வித்தியாசம் சொல்லாது.

ஆகவே மலிவான எரிபொருளில், அது கிளம்பும் இடத்திலேயே ஒரு பொருளைத் துளியளவு கலந்து அனுப்புகிறார்கள். அதன் பெயர் மார்க்கர். அந்தப் பொருள் வேறு டேங்கில் அகப்பட்டால் கலப்படம் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

சாயம் வெளுத்த கதை

ஐரோப்பிய யூனியன் 2002 முதல் சால்வென்ட் யெல்லோ 124 என்ற பொருளை மார்க்கராகப் பயன்படுத்தியது. லிட்டருக்கு 6 முதல் 9 மில்லிகிராம். டீசலோடு அமிலம் சேர்த்துக் குலுக்கினால் அது சிவப்பாக மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். ரோட்டு ஓரத்திலேயே சோதிக்கலாம். ஆனால் அமிலத்தோடு சேரும் அந்தக் குணம் அதிகாரிக்கு மட்டுமா உதவும்? திருடனுக்கும் உதவியது! அமிலம் ஊற்றியும், சாயத்தை உறிஞ்சும் களிமண் போட்டும் மார்க்கரைக் கழுவி எடுத்தார்கள். அயர்லாந்து எல்லைப் பகுதியில் இது ஒரு தொழிலாகவே நடந்தது. கழுவிய பின் மிஞ்சும் விஷக் கசடை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் ஒரு விஷயம் தெளிவானது. நல்ல மார்க்கர் என்றால் எரிபொருளிலிருந்து பிரிக்கவே முடியாததாக இருக்க வேண்டும். அப்படி வந்ததுதான் பியூட்டாக்ஸி பென்சீன். நிறம் கிடையாது. அமிலத்துக்கு அசையாது. கொதிநிலை 210 டிகிரி. அதாவது டீசலின் கொதிநிலை எல்லைக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. காய்ச்சி வடித்தும் தனியாக எடுக்க முடியாது. பிரிட்டனும் அயர்லாந்தும் 2015 ஏப்ரலில் இதைக் கொண்டுவந்தன. ஐரோப்பிய யூனியனில் 2024 ஜனவரி 18 முதல் இதுவே பொது மார்க்கர்.

சரி, திருடனால் பிரிக்க முடியாததை நாம் எப்படிப் பிரிப்பது? இங்கேதான் நம்ம கருவி வருகிறது.

கடைத்தெருவும் கூட்டமும்

திருவிழா அன்று ஒரு கூட்டம் கடைத்தெருவின் ஒரு முனையில் ஒன்றாகக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடையிலும் நிற்காதவர் முதலில் மறுமுனைக்கு வருவார். கடை கடையாக நின்று பார்ப்பவர் கடைசியில் வருவார். கேஸ் குரோமட்டோகிராபி இவ்வளவுதான்!

ஒரு மைக்ரோலிட்டர் சாம்பிளைச் சிரிஞ்சில் எடுத்துச் சூடான இன்ஜெக்டரில் செலுத்தினால் அது ஆவியாகிவிடும். ஹீலியம் போன்ற வாயு அந்த ஆவியைத் தள்ளிக்கொண்டு போகும். தெரு என்பது 30 மீட்டர் நீளமும் கால் மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட கேப்பிலரி குழாய். அதன் உள்சுவரில் பூசிய மெல்லிய படலம்தான் கடைகள். வெளியே வருகிற பொருளை ஹைட்ரஜன் சுடரில் எரித்தால் மின்சாரம் உண்டாகும். தாளில் ஒரு சிகரம் விழும். சிகரம் விழுந்த நேரம் அது யார் என்று சொல்லும். அதன் பரப்பளவு எவ்வளவு என்று சொல்லும்.

ஆனால் ஒரு சிக்கல். டீசலில் நூற்றுக்கணக்கான பொருள்கள். முதல் குழாய் பெரும்பாலும் கொதிநிலை வரிசையில்தான் பிரிக்கும். 210 டிகிரியில் கொதிக்கும் மற்ற ஹைட்ரோகார்பன்களும் மார்க்கரோடு தோளோடு தோள் சேர்ந்து வந்து நிற்கும். சுடருக்கோ எல்லாம் ஒன்றுதான்.

என்ன செய்வது? இரண்டாவது தெரு! மார்க்கர் வரும் அந்தச் சில வினாடி ஆவியை மட்டும் வெட்டி, வேறு வகைப் படலம் பூசிய இரண்டாவது குழாய்க்குத் திருப்புகிறார்கள். இப்படித் திருப்பும் அமைப்புக்கு டீன்ஸ் ஸ்விட்ச் என்று பெயர். பியூட்டாக்ஸி பென்சீனில் ஆக்சிஜன் இருக்கிறது. பக்கத்தில் வந்த ஹைட்ரோகார்பன்களில் இல்லை. இரண்டாவது படலம் ஆக்சிஜன் உள்ளதைப் பிடித்து நிறுத்தும். மற்றவை ஓடிவிடும், மார்க்கர் தனியாக வந்து நிற்கும்! சுடருக்குப் பதில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வைத்தால் 150, 94 என்ற அயனி எடைகளை வைத்து ஆளை உறுதியும் செய்யலாம்.

கணக்கு போட்டுப் பார்ப்போமா?

லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 12,000 லிட்டர் டேங்கர் லாரி முழுவதற்கும் மார்க்கர் 120 கிராம்தான். ஒரு டம்ளர்கூட நிறையாது! இப்போது ஒரு பங்க் டீசலில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் வருகிறது என்றால், கலப்படம் 0.5 வகுத்தல் 10, அதாவது 5 சதவீதம். எடைக் கணக்கில் அது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதையும் கருவி பிடித்துவிடும்.

நம் ஊர் நிலைமை

ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டதும் இதே காரணத்துக்காகத்தான். எங்கள் அம்மா மாதிரி ஆயிரம் பேர் கேனோடு வரிசையில் நின்று, "ஸ்டாக் தீர்ந்துபோச்சு" என்ற பதிலோடு திரும்பிய நாட்கள் உண்டு. ஒரு டேங்கர் மண்ணெண்ணெய் டீசலுக்குள் போனால் எத்தனை வீட்டு அடுப்பு எரியாது என்று யோசியுங்கள்.

இதற்காக ஒருவர் உயிரையே விட்டார். இந்தியன் ஆயில் நிறுவன அதிகாரி மஞ்சுநாத் சண்முகம். வயது 27. உத்தரப்பிரதேசத்தில் கலப்பட எரிபொருள் விற்ற பங்க் மீது நடவடிக்கை எடுத்தார். 2005 நவம்பர் 19-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 அக்டோபரில் ரேஷன் மண்ணெண்ணெயில் மார்க்கர் கலக்கும் திட்டம் வந்தது. அதையும் நீக்கிவிட முடிகிறது என்ற புகார் எழுந்தது. 2008 இறுதியோடு திட்டம் நின்றுபோனது. நீக்க முடிகிற மார்க்கர் மார்க்கரே இல்லை என்ற பாடம் ஐரோப்பாவுக்கு மட்டுமல்ல, நமக்கும்தான்.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் சிலர் இப்படி ஒரு லேபில் உட்காருவோம். வெற்றுச் சாம்பிள் ஓட்டாமல், சிரிஞ்சைச் சரியாகக் கழுவாமல் விட்டால் முந்தைய சாம்பிளின் மிச்சம் ஒரு நேர்மையான பங்க்காரரைக் குற்றவாளி ஆக்கிவிடும். கிடைத்த சிகரத்தைக் காணாத மாதிரி விட்டால் திருடன் தப்பிவிடுவான். கருவி பொய் சொல்லாது. அது சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுகிற தைரியத்தை மட்டும் நாம்தான் கொண்டுபோக வேண்டும்!