ரீசெட் அழுத்தும் முன்

கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டது என்றதும் "ஃபார்மட் அடிச்சிரலாமா?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அடிக்கலாம். வைரஸ் ஊறிப்போன மெஷினுக்குப் பல நேரம் அதுவே சரியான வழி. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. அவற்றை விட்டால் உங்கள் ஃபைலும் போகும், வைரஸும் திரும்பி வரும். ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், அது வைரஸ்தானா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'டிஸ்க்' என்ற பகுதி மட்டும் நெடுநேரம் 100 சதவீதத்திலேயே நின்றால், பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் மூச்சு வாங்குகிறது. உள்ளே தட்டு சுழலும் அந்த வகை டிஸ்கில் விண்டோஸ் 10, 11 இரண்டுமே திணறும். எஸ்எஸ்டி மாற்றினால் அதே மெஷின் வேறு மெஷின் மாதிரி ஓடும். அதே இடத்தில் 'ஸ்டார்ட்அப்' பகுதியையும் பாருங்கள். ஆன் செய்ததும் தானாகக் கிளம்பும் புரோகிராம்களில் தேவையில்லாததை டிசேபிள் செய்யுங்கள்.

வலது கீழ் மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்" என்று எட்டிப் பார்க்கிற அறிவிப்பும் பல நேரம் வைரஸ் அல்ல. ஏதோ ஒரு இணையதளம் "அலவ்" அழுத்தச் சொன்னபோது அழுத்தியிருப்பீர்கள். குரோம் செட்டிங்ஸில் 'சைட் செட்டிங்ஸ்' போய், 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பட்டியலில் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். அந்த அறிவிப்பில் இருக்கும் நம்பருக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் போன் செய்யாதீர்கள்.

உண்மையான தொற்று இப்படிச் சத்தம் போட்டு வருவதில்லை. சும்மா இருக்கும்போதே ஃபேன் இரைகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்த மறுநொடி அடங்கிவிடுகிறது என்றால் சந்தேகப்படுங்கள். உங்கள் பிராசசரைத் திருடி கிரிப்டோ நாணயம் தோண்டும் சில புரோகிராம்கள், டாஸ்க் மேனேஜர் திறந்தால் தங்களை நிறுத்திக்கொள்ளும்படியே எழுதப்பட்டவை. இதனால்தான் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்து செய்யும் ஸ்கேனை மட்டும் நான் நம்புவதில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போனால் 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' இருக்கும். மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, வழக்கமான விண்டோஸ் எழும் முன்பே ஸ்கேன் ஓடும். கால் மணி நேர வேலைதான்.

அதிலும் ஏதாவது சிக்கினால், அல்லது சந்தேகம் தீரவில்லை என்றால், ரீசெட்டுக்குத் தயாராகுங்கள். ஆனால் முதல் வேலையை அந்தக் கம்ப்யூட்டரில் செய்யக்கூடாது. சுத்தமான ஒரு போனை எடுங்கள். இன்றைய வைரஸ்களில் பல பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், லாகின் ஆகியிருப்பதற்கான குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகிறவை. குக்கீ கையில் இருந்தால் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே உங்கள் ஜிமெயிலுக்குள் நுழையலாம். கம்ப்யூட்டரை எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் போனது போனதுதான். ஆகவே மெயில், வங்கி, ஃபேஸ்புக் பாஸ்வேர்டுகளைப் போனில் மாற்றி, எல்லா டிவைஸிலிருந்தும் சைன் அவுட் செய்யுங்கள். வங்கியிலிருந்து பணமே போயிருந்தால் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

அடுத்து பேக்கப். டாக்குமெண்ட், போட்டோ, டேலி டேட்டா, கோரல்டிரா ஃபைல்களை எடுங்கள். புரோகிராம்களையும் செட்டப் ஃபைல்களையும் எடுக்காதீர்கள், தொற்று பெரும்பாலும் அவற்றில்தான் ஒட்டிக்கொண்டு வரும். டிடிபி கடை வைத்திருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரிலிருந்து உங்கள் தமிழ் ஃபான்ட்களையும் காப்பி செய்துகொள்ளுங்கள். பாமினியில் அடித்த கல்யாணப் பத்திரிகையை அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். ஃபைல் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் படிக்க முடியாது. பிட்லாக்கர் போட்ட லேப்டாப் என்றால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீயையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரீசெட்டில் 'கீப் மை ஃபைல்ஸ்', 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று இரண்டு வழி கேட்கும். மந்தத்துக்கு முதல் வழி போதும். வைரஸ் என்றால் இரண்டாவதுதான். அதற்கு அடுத்து 'கிளவுட் டவுன்லோட்' என்று வருவதைத் தேர்ந்தெடுங்கள். நாலு ஜிபிக்கு மேல் டேட்டா செலவாகும். ஆனால் தொற்றுப் பட்ட டிஸ்கிலிருந்து விண்டோஸை எடுக்காமல் மைக்ரோசாஃப்டிடமிருந்தே புதிதாக இறக்கும். இன்னும் உறுதி வேண்டும் என்றால், வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென்டிரைவில் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸை ஏற்றி, அதிலிருந்து பூட் செய்யுங்கள்.

இந்த இடத்தில்தான் ஆக்டிவேட்டர் என்ற வினை வந்து சேர்கிறது. விண்டோஸ் 8 காலத்திலிருந்தே, விண்டோஸுடன் வாங்கும் லேப்டாப்பின் கீ பயாஸுக்குள்ளேயே பதிந்திருக்கும். அதே 'ஹோம்' பதிப்பைத் திரும்பப் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். சில சர்வீஸ் கடைகளில் கேட்காமலே 'புரோ' போட்டு, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஆக்டிவேட்டர் ஓட்டிக் கொடுக்கிறார்களே, அது காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸை வீணாக்கி வைரஸுக்கு வாசல் திறந்துவிடும் வேலை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

ரீசெட் முடிந்ததும் அவசரப்பட்டுப் பழைய பென்டிரைவைச் செருகாதீர்கள். நம் ஜெராக்ஸ் கடைகளில் ஷார்ட்கட் வைரஸ் இன்னும் உயிரோடு சுற்றுவது அதன் வழியாகத்தான். பென்டிரைவைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு ஐகான், அதுவும் பென்டிரைவின் பெயரிலேயே இருக்கும். இடது ஓரத்தில் சின்ன அம்புக்குறி. அதை டபுள் கிளிக் செய்தால் உங்கள் ஃபைல்களும் திறக்கும், கூடவே வைரஸும் ஓடும். எல்லாம் சரியாகத் திறப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. உண்மையில் ஃபைல்கள் எங்கும் போகவில்லை, மறைத்து வைக்கப்பட்ட ஒரு ஃபோல்டருக்குள் இருக்கின்றன. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, 'புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற வரியின் டிக்கையும் எடுத்தால் தெரியும். முதலில் பென்டிரைவை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு வேண்டிய டாக்குமெண்டை மட்டும் எடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள்.

தனியாக ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா என்றால், டிஃபெண்டரும் தவறாத அப்டேட்டும் போதும் என்பேன். 2017 மே மாதம் உலகத்தையே முடக்கிய வானாகிரை வைரஸுக்கான அப்டேட் அந்த மார்ச்சிலேயே வெளிவந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், ரீசெட்டோடு சேர்த்து 11-க்கு மாற முடியுமா என்றும் பார்த்துவிடுங்கள். கடையில் பையன்கள் உட்காரும் மெஷின் என்றால், அட்மின் பாஸ்வேர்டை நீங்கள் வைத்துக்கொண்டு, அவர்களுக்கு 'ஸ்டாண்டர்ட் யூசர்' என்று தனி அக்கவுண்ட் உருவாக்கிக் கொடுங்கள். கஸ்டமர் கொண்டுவரும் எதையாவது இன்ஸ்டால் செய்ய வேண்டி வந்தால், அந்த மெஷின் பெரும்பாலும் உங்களிடம் பாஸ்வேர்டு கேட்கும்.