நாற்காலியை விட்டு எழுந்த முதலாளிகள்

தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி இரதம் புறப்படும் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் தெருவில்தான் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. அதற்குப் பக்கத்தில் என் மாமாவின் மளிகைக்கடை. கணக்கைக் கணினிக்கு மாற்றலாம், ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று போன வருடம் சொன்னேன். "நான் இருக்கும்வரை வேண்டாம்ப்பா," என்றார்.

வணிக நிர்வாகம் படிக்கும் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது முருகப்பா குழுமம். 1900இல் பர்மாவின் மோல்மேனில் லேவாதேவிக் கடையாகத் தொடங்கி, மலாயாவிலும் கிளை விரித்து, இரண்டாம் உலகப் போருக்கு முன்பே முதலீட்டைத் தமிழ்நாட்டுக்குத் திருப்பிய குடும்பம். 1949இல் சைக்கிள் தயாரிப்பில் இறங்கியது. 1981இல், 1788இல் பிறந்த பாரி நிறுவனத்தையே கையில் எடுத்தது.

ஆனால் நான் வியப்பது 1999ஐ. எம்.வி.சுப்பையா தலைமையில் குடும்பத்தார் நிறுவனங்களின் அன்றாட நிர்வாகப் பதவிகளை விட்டு விலகினார்கள். நிர்வாகம் தொழில்முறை மேலாளர்களிடம் போனது. மேலே ஒரு குழு. அதில் வெளியாட்களும் உண்டு. நட்டத்தில் மூழ்கும்போது மாறுவது ஒன்று. நன்றாக ஓடும்போது, சொந்த அண்ணன் தம்பிகளிடம் "எழுந்திருங்கள்" என்று சொல்வது வேறு.

யோசித்தால் இது புதிதும் அல்ல. கிட்டங்கிக் காலத்தில் முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இங்கே கடை நடத்தியவர் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் வந்த சம்பள முகவர். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன்.

மாற்றம் அத்தோடு முடிந்துவிடவில்லை. அடுத்த தலைமுறையினர் சிலர் பின்னர் நிர்வாகப் பதவிகளுக்குத் திரும்பினார்கள். 2017இல் எம்.வி.முருகப்பன் மறைந்தபின், அவருடைய மகள் வள்ளி அருணாசலம் குடும்பத்தின் முதலீட்டு நிறுவன இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020இல் பங்குதாரர்கள் வாக்களித்து மறுத்தார்கள். 2023இல்தான் சமரசம் ஏற்பட்டது. வெளியாளுக்கு நாற்காலி கொடுத்த வீடு, மகளுக்குக் கொடுக்கத் தயங்கியது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

மாமாவிடம் முகவர் கதையைச் சொன்னேன். "சரி, அந்த ஆள் ஏமாற்றினால்?" என்றார். ஊருக்குத் தவறாமல் கணக்கு அனுப்ப வேண்டும் மாமா, அதுதான் கட்டுப்பாடு என்றேன். அடுத்த மாதம் முதல் கொள்முதல் கணக்கை மட்டும் என்னிடம் விடுவதாகச் சொல்லியிருக்கிறார். கல்லாச் சாவி இன்னும் அவர் இடுப்பில்தான்.