முக்கியமான ஆள் விழுந்தால் பந்து எங்கே போகும்?



போன எபிசோடில சேர்வர் விழுந்தால் என்ன நடக்கும் எண்டு ஒரு மணித்தியாலம் கதைச்சம், ஞாபகம் இருக்கும். ஒரு சேர்வர் நிண்டுபோனால் அதுக்கு வந்த வேலை மறைஞ்சு போறதில்லை. பக்கத்தில இருக்கிற சேர்வர்களின் தலையில போய் விழும். அவை தாங்காவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாக அவையும் விழும். அதைக் கேட்ட நேயர் ஒருவர் எழுதியிருந்தார்: "கூடைப்பந்திலயும் இதே கதைதானே? ஸ்டார் பிளேயர் காயப்பட்டால் மற்றவை என்ன செய்யினம்?"

நல்ல கேள்வி. பதில் சொல்ல 2019 என்பிஏ இறுதிப்போட்டியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ரொறன்ரோ ராப்டர்ஸ் ஒரு பக்கம், கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸ் மறுபக்கம். கனடாவில் வளர்ந்த எங்களில் பலருக்கு அந்த ஜூன் மாதம் இன்னும் நேற்று மாதிரித்தான் இருக்கும். ஆனால் இந்தக் கடிதத்தில் கூடுதலாகக் கதைக்கப் போறது தோற்ற அணியைப் பற்றி.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

கூடைப்பந்துப் புள்ளிவிபரத்தில் 'யூசேஜ் ரேட்' எண்டு ஒன்று இருக்கு. ஒரு வீரர் களத்தில் நிற்கும்போது, அணியின் தாக்குதல்களில் எத்தனை வீதம் அவருடைய கையில் முடியுது என்பதுதான் அது. ஷொட் அடிச்சு முடியலாம், ஃபிரீ த்ரோவில் முடியலாம், பந்தைப் பறிகொடுத்தும் முடியலாம். களத்தில் நிற்கிற ஐந்து பேருடைய வீதத்தையும் கூட்டினால் எப்பவும் 100 வரும். ஆகவே சராசரி 20. பெரிய ஸ்டார் என்றால் 30, சில நேரம் அதுக்கும் மேல.

இப்ப அந்த 30 வீதக்காரர் காயப்பட்டு வெளியே போறார். அவருக்குப் பதிலாக வாங்கிலிருந்து வருகிறவர் வழமையாக 15 எடுக்கிறவர் எண்டு வைப்பம். மிச்சம் 15 வீதத்தையும் யாரோ எடுத்தே ஆகவேணும். 24 செக்கனுக்குள் ஷொட் அடிக்காவிட்டால் பந்து எதிரணிக்குப் போயிடும். வேலையை ஒத்திவைக்க வழியே இல்லை.

பிரச்சினை எங்கே இருக்கு எண்டால், ஒருவர் எடுக்கிற கூடுதல் ஷொட் அவருடைய பழைய ஷொட் மாதிரி இருக்காது. நல்ல வாய்ப்புகளை அவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுதான் இருந்தார். மேலதிகமாக வருகிறது கஷ்டமானது: ஒரு அடி தள்ளி, ஒரு கை முகத்துக்கு முன்னால, நேரம் முடியிற நேரம். அதனால் எண்ணிக்கை கூடக் கூடத் தரம் குறையும். காயம்பட்ட அணியின் பயிற்றுநர் தீர்க்கவேண்டிய கணக்கு இதுதான். அந்த 15 வீதத்தை, தரம் குறையாமல், யாரிடம் எப்படிப் பிரிச்சுக் குடுக்கிறது?

முதல் காயம்: சமாளிச்ச கதை

2019 மே 8. இரண்டாம் சுற்றில் ஹூஸ்டன் ரொக்கெட்ஸுடன் ஐந்தாவது ஆட்டம். அந்த பிளேஓஃபில் ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 30 புள்ளிக்கு மேல அடிச்சுக்கொண்டிருந்த கெவின் டுரான்ட், கெண்டைக்கால் பிடிச்சுக்கொண்டு வெளியே போறார். வொரியர்ஸ் கதை முடிஞ்சுது எண்டு பலரும் நினைச்சினம்.

ஆனால் வொரியர்ஸ் அந்த ஆட்டத்தையும் வென்றது. ஹூஸ்டனில் நடந்த ஆறாவது ஆட்டத்தையும் 118-113 என்று வென்றது. அந்த ஆறாவது ஆட்டத்தில் ஸ்டெஃப் கரி முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கேல்லை. இரண்டாம் பாதியில் 33. அடுத்த சுற்றில் போர்ட்லாண்டை 4-0 என்று துடைச்செறிஞ்சினம்.

எப்படி? டுரான்ட் செய்த வேலையை இன்னொருவரிடம் அப்படியே குடுக்க அவர்கள் முயற்சி செய்யேல்லை. தாக்குதலின் வடிவத்தையே மாத்திச்சினம்.

டுரான்ட் இருந்தபோது அணிக்கு ஒரு காப்புறுதி இருந்தது. 18 செக்கன் பாஸ் குடுத்தும் ஒன்றும் திறக்காவிட்டால், பந்தை அவரிடம் குடுக்கலாம். ஏழடி உயரத்துக்குக் கிட்ட இருக்கிற மனுசன், யாருடைய தலைக்கு மேலாலயும் அடிப்பார். அந்தக் காப்புறுதி இல்லாமல் போனதும், கடைசி ஆறு செக்கனுக்கு எண்டு எதையும் மிச்சம் வைக்க ஏலாது. ஆகவே தாக்குதலை நேரத்தோட தொடங்கவேணும். எல்லாரும் ஓடவேணும்.

அதன் மையத்தில் இருந்தது கரியும் டிரேமண்ட் கிரீனும் சேர்ந்து செய்யிற ஒரு பழைய வித்தை. கிரீன் வந்து கரியைக் காவல் காக்கிறவரை மறிப்பார். கரிக்கு ஒரு அடி இடம் கிடைச்சாலே ஆபத்து என்பதால் எதிரணியின் இரண்டு பேர் கரி மேல பாய்வினம். கரி உடனே பந்தை கிரீனிடம் தட்டிவிடுவார். இப்ப எண்ணிப் பாருங்கோ. இரண்டு பேர் கரியோட நிற்கினம். மிச்சம் காவலுக்கு மூன்று பேர்தான். தாக்கிறது நாலு பேர். கிரீன் அந்த நாலுக்கு மூன்று கணக்கை ஒரு செக்கனில் வாசிச்சு, வெறுமையாக நிற்கிறவருக்குப் பந்தைக் குடுப்பார். போர்ட்லாண்டுக்கு எதிரான கடைசி இரண்டு ஆட்டத்திலும் புள்ளி, மீள்பந்து, அசிஸ்ட் மூன்றிலும் அவர் இரட்டை இலக்கம் தொட்டது சும்மா இல்லை.

கவனிக்கவேண்டியது இதுதான்: கரி பந்தைத் தொடாத நேரத்திலும் இரண்டு பேரை இழுத்து வைச்சிருந்தார். கூடைக்குக் குறிவைக்காமலே வேலை செய்தார். தொம்சன் ஒரு மூலையில் நிண்டதால் அங்கேயிருந்தும் ஒரு காவலர் அசைய முடியேல்லை. ஆக, ஒரு ஆள் போனாலும் இழுவிசை மிச்சம் இருந்தது.

இரண்டாவது காயம்: கணக்கு உடைஞ்ச இடம்

இறுதிப்போட்டியின் இரண்டாவது ஆட்டம், ரொறன்ரோவில். நாலாவது குவார்ட்டரில் கிளே தொம்சன் தொடைத் தசையைப் பிடிச்சுக்கொண்டு வெளியே போறார். டுரான்ட் ஏற்கெனவே இல்லை. ராப்டர்ஸ் பயிற்றுநர் நிக் நர்ஸ் அப்ப எடுத்த ஆயுதத்தைப் பார்த்துப் பலர் சிரிச்சினம்: 'பொக்ஸ் அண்ட் வன்'. நாலு பேர் கூடையைச் சுற்றிச் சதுரமாக நிற்பினம். ஐந்தாமவர் ஒரே ஆளை நிழல் மாதிரித் துரத்துவார். இதைப் பள்ளிக்கூட ஆட்டங்களில்தான் கூடுதலாகப் பார்க்கலாம். என்பிஏயில் செல்லாது. ஏனெண்டால் எல்லா அணியிலும் தூரத்திலிருந்து அடிக்கக்கூடியவர்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பினம்.

ஆனால் அந்த நேரம் வொரியர்ஸில் பயப்படவேண்டிய ஆள் கரி ஒருவர்தான். ஃபிரெட் வான்விலீட் அவரோட ஒட்டிக்கொண்டார். மற்ற நாலு பேரும் மற்றவர்களை 'அடியுங்கோ பாப்பம்' எண்டு விட்டுட்டு நிண்டினம். கடைசி ஐந்து நிமிஷத்துக்கு மேல வொரியர்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கேல்லை. ஆறு செக்கன்கூட மிச்சமில்லாத நேரத்தில், காவல் இல்லாமல் விடப்பட்ட ஆன்ட்ரே இகுடாலா ஒரு மூன்று புள்ளி அடிச்சு 109-104 எண்டு காப்பாத்தினார். அது ஒருக்கா பலிச்சது.

மூன்றாவது ஆட்டத்தில் தொம்சனும் இல்லை. கரி 31 ஷொட் எடுத்து 47 புள்ளி அடிச்சார். வொரியர்ஸில் வேறு ஒருவரும் 20 புள்ளியைத் தொடேல்லை. முடிவு: ராப்டர்ஸ் 123, வொரியர்ஸ் 109. நாலாவதில் தொம்சன் திரும்பி வந்தும் 105-92 எண்டு தோல்வி.

சேர்வர் கதை இப்ப விளங்குதா? ஒன்று போனபோது மற்றவை தாங்கினது, மிச்சம் இருந்தவைக்குள் இடம் இருந்ததால. இரண்டாவது போனபோது ஒரே ஒரு சேர்வர் எல்லாத்தையும் சுமந்தது. அது அற்புதமாகத்தான் ஓடிச்சு. ஆனாலும் தோத்தது.

மறுபக்கம்: ஒத்திகை பார்த்த அணி

இப்ப ராப்டர்ஸ் பக்கம் வருவம். அவர்களின் ஸ்டார் கவாய் லெனர்ட். அதுக்கு முந்தைய சீசனில் காயத்தால் 9 ஆட்டம்தான் ஆடியிருந்தார். அதனால் ராப்டர்ஸ் அவரைப் பொத்திப் பொத்தி வைச்சு, 82 ஆட்டத்தில் 60 மட்டும் ஆடவிட்டது. மிச்சம் 22 ஆட்டத்தையும் அவர் இல்லாமலே ஆடினவை. அதில் 17 வெற்றி, 5 தோல்வி.

நெட்ஃபிளிக்ஸ் பொறியியலாளர்கள் 'கேயோஸ் மங்கி' எண்டு ஒரு மென்பொருள் செய்தவை. ஓடிக்கொண்டிருக்கிற சேர்வர்களை வேணுமெண்டே, எழுந்தமானமாக, வேலை நேரத்தில் நிப்பாட்டும். எது உடையுது எண்டு முதலே தெரிஞ்சுகொள்ளத்தான். ராப்டர்ஸ் அதை நினைச்சுச் செய்யேல்லை. ஆனால் அந்த 22 ஆட்டமும் அதே வேலையைத்தான் செய்தது. லெனர்ட் இல்லாத இரவுகளில் பஸ்கால் சியாகம் பந்தைக் கையில் எடுக்கப் பழகினார். முந்தைய சீசனில் 7.3 ஆக இருந்த அவருடைய சராசரி அந்த வருஷம் 16.9. இறுதிப்போட்டியின் முதல் ஆட்டத்தில் 17 ஷொட்டில் 14 உள்ளே போட்டு 32 புள்ளி அடிச்சவரும் அவர்தான்.

கிண்ணத்தை வென்ற ஆறாவது ஆட்டத்தின் புள்ளிகளைப் பாருங்கோ: லவுரி 26, சியாகம் 26, லெனர்ட் 22, வான்விலீட் 22. ஸ்டார் களத்தில் நிண்ட இரவிலயும் பாரம் நாலு தோளில் இருந்தது.

நான் மறக்காத ஒரு சத்தம்

இதைச் சொல்லாமல் முடிச்சால் கணக்கு மட்டும்தான் மிஞ்சும். ஐந்தாவது ஆட்டம், ஜூன் 10. 3-1 எண்டு பின்தங்கின வொரியர்ஸுக்காக ஒரு மாதத்துக்குப் பிறகு டுரான்ட் திரும்பி வந்தார். 12 நிமிஷத்தில் 11 புள்ளி. தாக்குதல் உடனே பழையபடி மூச்சுவிட்டது. பிறகு குதிக்கால் தசைநார் அறுந்து விழுந்தார். அரங்கில் எங்கட ரசிகர்கள் கொஞ்சப் பேர் கைதட்டினவை. ராப்டர்ஸ் வீரர்களே கையைக் காட்டி நிப்பாட்டச் சொன்னார்கள். வீட்டில் எங்களோட ரீவி பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கூடைப்பந்து ஒன்றும் விளங்காது. "பெடியன் விழுந்து கிடக்கிறான், ஏன் கத்துறாங்கள்?" எண்டு மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரேல்லை. நானும் கத்தியிருந்தேன்.

வொரியர்ஸ் அந்த ஆட்டத்தை ஒரு புள்ளியால் வென்றது. டுரான்ட் அடுத்த சீசன் முழுக்க ஆடேல்லை. ஆறாவது ஆட்டத்தில் 30 புள்ளி அடிச்ச தொம்சனின் முழங்கால் போனது. அவர் திரும்பி வர 941 நாள் எடுத்தது.

இதுதான் உண்மையான விலை. சேர்வர் எரிஞ்சால் புதுசு வாங்கலாம். ஒரு ஆளில் மட்டும் தங்கியிருக்கிற அமைப்பு, அந்த ஆள் நோயோட இருக்கும்போதும் "கொஞ்சம் வந்துட்டுப் போ" எண்டு கேட்கும். கேட்கிறவை கெட்டவை இல்லை. வேறு வழியைக் கட்டி வைக்காததால கேட்கினம். வாறவரும் பெருந்தன்மையால்தான் வாறார்.

உங்கட வேலையிடத்தில் அந்த ஆள் யார் எண்டு ஒருக்கா யோசியுங்கோ. கடவுச்சொல் எல்லாம் யாருக்குத் தெரியும்? பிறகு வீட்டிலயும் யோசியுங்கோ. அம்மாவுக்கு வாற கடிதமெல்லாம் வாசிக்கிறது, அம்மம்மாவை டொக்டரிடம் கூட்டிப்போய் மொழிபெயர்க்கிறது, வரிப் பத்திரம் நிரப்புறது, எல்லாம் ஒரே அக்கா அல்லது ஒரே தம்பியா? அவர் சுகமா இருக்கும்போதே ஒரு கிழமை லீவு குடுத்துப் பாருங்கோ. எது உடையுதோ அதை மற்றவை பழகட்டும். ராப்டர்ஸுக்கு 22 ஆட்டம் தேவைப்பட்டது. எங்களுக்கு ஒரு கிழமை காணும்.

அடுத்த எபிசோடில சந்திப்பம். அதுவரைக்கும் முழங்காலைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ.