கைகொடுங்கள், பிறகு கையை எடுங்கள்

மன்னவனூரிலிருந்து ஒரு தாய் தம் நான்கு வயது மகனை இருமலுக்காக அழைத்து வந்திருந்தார். மார்பைச் சோதித்து முடித்ததும் சிறுவன் தானே ஸ்வெட்டர் பொத்தானைப் போட முயன்றான். மூன்றாம் முறையும் அது நழுவியது. "விடுடா, பஸ் போயிரும்" என்று தாய் நொடியில் எல்லாப் பொத்தான்களையும் போட்டுவிட்டார். எழும்போது தயங்கிக் கேட்டார்: "நான் பள்ளிக்கூடமே போகல, டாக்டரம்மா. இவனுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்க முடியும்?"

பல பெற்றோரின் கவலை இது. விடை அந்தப் பொத்தானிலேயே இருந்தது.

குழந்தை தனியே செய்யக்கூடியவை சில. எவ்வளவு உதவினாலும் இப்போதைக்கு இயலாதவை சில. இவ்விரண்டுக்கும் நடுவே, சிறு துணை கிடைத்தால் செய்துவிடக்கூடியவை உண்டு. சிந்தனை வளர்வது அங்கேதான் என்றார் ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934). மரக்கட்டைகளால் பிரமிடு கட்டிய 3 முதல் 5 வயதுக் குழந்தைகளை ஆராய்ந்த வுட், புரூனர், ராஸ் ஆகியோர், 1976-இல் இத்துணையைக் கட்டடச் சாரத்துக்கு ஒப்பிட்டனர். சுவர் எழும்வரை சாரம் வேண்டும். எழுந்தபின் அதைப் பிரித்துவிட வேண்டும்.

நம் மாநிலமே இதற்குச் சான்று. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்தபின், 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் மாலைதோறும் குழந்தைகளுடன் அமர்ந்தனர். கிராமப்புறக் குழந்தைகள் சுமார் 19,000 பேரை ஆராய்ந்தபோது, பள்ளி திறந்த 6 மாதங்களில் கற்றல் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஈடாகியிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழக் கால்பங்கு இத்திட்டத்தின் பயன்.

வீட்டில் செய்யக்கூடியவை:

• கேரட்டைத் தரம் பிரிக்கும்போதும் பூண்டு உரிக்கும்போதும் குழந்தையை அருகில் அமர்த்திப் பேசிக்கொண்டே செய்துகாட்டுங்கள்.

• திணறினால் உடனே கை நீட்டாமல், மனத்துள் பத்து வரை எண்ணுங்கள்.

• விடையைச் சொல்லாதீர்கள். "இது எந்தக் குவியலில் சேரும்? ஏன்?" என்று கேளுங்கள்.

• கற்றுக்கொண்டதும் ஒதுங்கி நில்லுங்கள்.

நோயுற்ற நாள்களில், முன்பு தானே செய்தவற்றுக்கும் குழந்தை உதவி கேட்கும். தயங்காமல் செய்யுங்கள், தேறத் தேறக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் காத்திருக்க வேண்டாம். 16 மாதத்தில் ஒரு சொல்லும் பேசாவிட்டாலோ, 2 வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டாலோ, எந்த வயதிலும் கற்ற சொற்களை இழந்தாலோ, குழந்தைகள் நல மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

அன்று அத்தாயிடம் நான் சொன்னது இவ்வளவே: "ஸ்வெட்டர் ஓரத்த நீங்க பிடிச்சுக்கோங்கம்மா, பொத்தானை அவன் நுழைக்கட்டும்."

மறுமுறை வந்தபோது ஸ்வெட்டர் கோணலாக இருந்தது. அவனே போட்டிருந்தான். அவர் அதைத் திருத்தவில்லை. "எந்தப் பொத்தான் இடம் மாறிப்போச்சு, பாரு" என்றார். அவன் குனிந்து, ஒவ்வொன்றாகத் தொட்டுத் தேடிக்கொண்டிருந்தான்.