ஆயில் குச்சியை நீங்களே உருவிப் பாருங்கள்

மூணாறு, தேவிகுளம் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு எஞ்சின் ஆயில் பார்ப்பதில் முதல் சிக்கல், மட்டமான தரை கிடைப்பதுதான். வீட்டு வாசலே சரிவு. அங்கேயே குச்சியை உருவினால், ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, இருப்பதைக் கூட்டியோ குறைத்தோ காட்டும். சமவெளியில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளத்துக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மட்டமான இடத்தில் எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். குச்சியைத் துடைத்து, அடிவரை செருகி, மறுபடி உருவுங்கள். அடிவரை என்பது முக்கியம். பாதி செருகி எடுத்து "ஆயிலே இல்லையே சார்" என்று கேனைத் திறப்பது பழைய வித்தை. இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் போதும். பெரும்பாலான கார்களில் அந்த இடைவெளி சுமார் 1 லிட்டர்தான். ஆகவே கால் லிட்டர் ஊற்றி, சற்றுப் பொறுத்து, திரும்பப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டினால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கிவிடும்; நுரைத்த ஆயிலில் அழுத்தம் நிற்காது.

கறுப்பு நிறம் கண்டு பயப்பட வேண்டாம், டீசல் வண்டியில் சீக்கிரமே கறுத்துவிடும். மலைக்குளிரில் பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓடும் வண்டியில், மூடியின் அடியில் வெண்மையாகக் கொஞ்சம் படிவதும் உண்டு. குச்சியிலேயே பால் நிறம் தெரிந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம், வண்டியை எடுக்காதீர்கள்.

ஆயில் குறைந்தால் போடிமெட்டு வளைவுகளில் சிவப்பு விளக்கு மின்னி மறையும். அது அழுத்தம் விழுவதற்கான எச்சரிக்கை. உடனே ஓரம் கட்டி நிறுத்திய பிறகே எஞ்சினை அணைக்க வேண்டும். இறக்கத்தில் ஓடும்போது அணைத்தால் ஸ்டியரிங் இறுகும், பிரேக்கும் கல்லாகிவிடும். டயருக்குக் கல் வைக்க மறக்காதீர்கள்.

வாங்குவது 0டபிள்யூ-20 ஆ, 5டபிள்யூ-30 ஆ என்பதை வண்டியின் கையேடு சொல்லும். கடைக்காரர் சொல்ல வேண்டியதில்லை. சீல் உடையாத கேனில் தயாரிப்பாளர் முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை நான்கும் இருக்கின்றனவா பாருங்கள். காலி கேனை அறுத்துப் போடுங்கள், இல்லையேல் போலி ஆயில் ஊற்ற அதுவே உதவும்.

ரசீது தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. தவறான கிரேடு ஊற்றியோ, ஊற்றாமலே பணம் வாங்கியோ எஞ்சின் கெட்டால், ரசீதும் குச்சியின் படமும்தான் கைகொடுக்கும். 1915-ஐ அழைக்கலாம், அல்லது 2 ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

அளவு குறைவு, அதிக விலை என்றால் மாநிலத்தின் லீகல் மெட்ராலஜி துறைக்கு எழுதுங்கள். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் துறைத் தலைமைக்கும், சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே மனு எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும்.