அன்னப்பட்சி வெறும் பறவையாகும்போது...

காஞ்சிபுரம் பட்டில் அன்னப்பட்சி, யாளி, மயில்கண், மாங்காய் எனக் கண்டதுமே பெயர் சொல்லிவிடுகிறோம். மாங்காய் என்றால் அதன் வளைவு, பச்சை நிறம், புளிப்பு, ஏகாம்பரநாதர் கோயில் மாமரம் எல்லாம் ஒருசேர நினைவில் எழும். ஆனால், மூளையில் இவை ஒரே இடத்தில் இல்லை. நிறமும் வடிவும் பின்பக்கப் பார்வைப் பகுதிகளில் இருக்கின்றன. சுவைக்கும் தொடுகைக்கும் வேறு இடங்கள். உடலும் பார்டரும் தனித்தனி நாடாவில் ஓடினாலும் கோர்வை நெசவில் ஒரே சேலையாவதுபோல, இவற்றை இணைப்பது மூளையின் பக்கவாட்டிலுள்ள டெம்போரல் மடலின் முன்முனை. ஆய்வாளர்கள் காரலின் பேட்டர்சனும் பீட்டர் நெஸ்டரும் டிமோதி ராஜர்ஸும் 2007-ல் விரிவாக முன்வைத்த கருத்து இது.

அந்த இணைப்பு சிதைந்தால் என்ன ஆகும்? 1975-ல் லண்டனில் நரம்பு உளவியலாளர் எலிசபெத் வாரிங்டன் அப்படிப்பட்ட 3 நோயாளிகளை விவரித்தார். இன்று இந்த நோய்க்கு செமான்டிக் டிமென்ஷியா என்று பெயர். பேச்சு சரளமாக இருக்கும், நேற்று நடந்ததும் ஓரளவு நினைவிருக்கும். பொருள்களைப் பற்றிய அறிவு மட்டும் கரையும். அதற்கும் ஒரு வரிசை உண்டு. அன்னம் முதலில் ‘பறவை’ ஆகும். பிறகு ‘ஏதோ ஒரு பிராணி’. வாத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, சிறிது நேரம் கழித்து நாலு காலோடு வரைந்த நோயாளிகளும் உண்டு. தனிக்குணம் முதலில் போகிறது, பொதுக்குணம் மிஞ்சுகிறது.

இழப்பு வகைவாரியாகவும் அமையலாம். 1984-ல் வாரிங்டனும் சக ஆய்வாளர் டிம் ஷாலிஸும், ஹெர்பீஸ் கிருமியால் வந்த மூளைக்காய்ச்சலில் பிழைத்த 4 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் ஒருவர் திசைகாட்டியைத் தெளிவாக விளக்கினார். கிளி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. உயிர்களைத் தோற்றத்தாலும் கருவிகளைப் பயனாலும் பிரித்தறிகிறோம், அதனால் ஒன்று போய் மற்றது தங்கலாம் என்று அவர்கள் விளக்கினார்கள். அந்த விவாதம் இன்றும் தொடர்கிறது.

செமான்டிக் டிமென்ஷியாவின் அறிகுறியை வீட்டில் இருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். “சாவியை எங்கே வெச்சேன்?” என்பது எல்லோருக்கும் வரும் மறதி. “சாவின்னா என்ன?” என்று கேட்டால் அது வேறு. 65 வயதுக்கு முன்பே இந்நோய் தொடங்குவதுண்டு. ‘வயசாயிடுச்சு’ என்று ஒதுக்காமல், கோபிக்காமல், நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் இதற்கான துறைகள் உள்ளன. குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனால், தினமும் புழங்கும் பொருளைக் கையில் கொடுத்துப் பெயர் சொல்லிப் பழக்கினால், அந்தச் சொற்கள் கூடுதல் காலம் தங்கும். காய்ச்சலோடு திடீர்க் குழப்பம் வந்தாலோ, பேச்சு சட்டென்று தடுமாறினாலோ மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.