சக்கரம் தோற்கும் காட்டில் குதிரைதான் ராஜா!

மங்கோலியா என்றதும் நம் மனக்கண்ணில் விரிவது மரமே இல்லாத புல்வெளியும் கோபி பாலைவனமும்தான். ஆனால், ரஷ்ய எல்லையை ஒட்டிய அதன் வடக்கு மூலையில் லார்ச் மரங்கள் அடர்ந்த தைகா காடு இருக்கிறது. அதன் நடுவே 136 கி.மீ நீளத்துக்குப் பளிங்குபோல ஓர் ஏரி. பெயர், ஹுவ்ஸ்குல்.

இதன் ஆழம் 262 மீட்டர். மங்கோலியாவின் நன்னீரில் ஏறக்குறைய 70 சதவிகிதம் இந்த ஒரே ஏரியில்தான் இருக்கிறது. அதனால் அங்குள்ளவர்கள் இதைக் 'கடல் அன்னை' என்று வணங்குகிறார்கள்.

ஏன் குதிரை?

ஏரியின் தென்முனையில் உள்ள ஹத்கல் ஊர் வரை காரில் போகலாம். அங்கிருந்து மேற்குக் கரையோரம் வடக்கே போகப் போக, வண்டித்தடம் தேய்ந்து மறைந்துவிடும். காரணம், மண்ணுக்கு அடியில் இருக்கிறது. இங்கே பல இடங்களில் நிலம் ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கிறது. கோடையில் மேல்மண் மட்டும் இளகும். தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்கி, சேறாகிவிடும். சக்கரம் புதையும் அந்தச் சேற்றில், மங்கோலியக் குதிரை கால்வைக்கும் இடம் பார்த்து நடக்கும்.

உருவத்தில் சிறியதுதான். ஆனால், கடுங்குளிரிலும் வெட்டவெளியில் வாழ்ந்து, பனியைக் குளம்பால் கிளறிப் புல் மேயும் உழைப்பாளி! ஏறும்போது இடதுபக்கமாகத்தான் ஏற வேண்டும். படபடக்கும் ரெயின்கோட், பிளாஸ்டிக் கவர் சத்தம் கேட்டால் மிரளும். நடக்கச் சொல்ல ஒரே வார்த்தை, 'ச்சூ'. நாம் கோழி விரட்டும் அதே சத்தம்!

இரவில் முன்கால் இரண்டையும் பின்கால் ஒன்றையும் தளர்வாகப் பிணைத்து மேயவிடுவார்கள். அப்படியும் அவை வெகுதூரம் போய்விடுவதுண்டு. காலையில் தேடிப் பிடித்து வந்த பிறகுதான் பயணம். இங்கே நேரத்தை முடிவு செய்வது கடிகாரமல்ல, குதிரை.

ஏரிக்கு மேற்கே, தார்ஹாத் பள்ளத்தாக்கைத் தாண்டிய காட்டில் துகா மக்கள் வாழ்கிறார்கள். கலைமான் வளர்க்கும் இவர்கள் சில நூறு பேர்தான். எல்லைப்பகுதி என்பதால் அங்கு செல்லத் தனி அனுமதி தேவை.

கரையில் காக்க வேண்டியவை

ஒருகாலத்தில் குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் அதன்மேல் லாரிகளை ஓட்டினார்கள். பனி உடைந்து பல லாரிகள் மூழ்கின. தண்ணீரைக் காக்க இப்போது அதற்குத் தடை. பயணிகளும் ஏரிக்குள் சோப்பு போட்டுக் குளிக்கவோ துவைக்கவோ கூடாது. வாளியில் மொண்டு, கரையிலிருந்து தள்ளிப்போய்க் கழுவ வேண்டும்.

இதைவிடப் பெரிய கவலை, பூமி சூடாவது. உறைந்த நிலம் உருகினால், அது தாங்கிப்பிடித்திருக்கும் ஈரம் கீழே இறங்கிவிடும். மழை குறைந்த இந்தப் பகுதியில் மரங்கள் செழிக்க அந்த ஈரம் பெரிய துணை. குளிரை நம்பி வாழும் கலைமான்களுக்கும் ஆபத்துதான்.

போக நினைப்பவர்கள் ஜூலை, ஆகஸ்ட்டைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் இரவில் நடுங்கவைக்கும். கம்பளி உடை அவசியம். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் இறங்காதீர்கள். விழுந்து அடிபட்டால், ஆஸ்பத்திரிக்கும் குதிரையில்தான் திரும்ப வேண்டியிருக்கும். எனவே ஹெல்மெட், முதலுதவிப் பெட்டி, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள் மூன்றையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்!